ஒரு வீடு, ஓர் அலைபேசி

நுழையும்முன்

பள்ளியின் கதவு மூடப்பட்டால் கல்வி எந்த வழியாக வீட்டிற்குள் வரும்? 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழகம் முழுவதும் எழுந்த வினா இது. கருவிகள் பெருகிய காலத்திலும் அவை யாருடைய கையில் இருக்கின்றன என்பதை வாழப்பாடி வட்டாரத்தை முன்வைத்து ஆராய்கிறது இப்பாடம்.

காடும் களமும்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது வாழப்பாடி. பாக்குத் தோப்புகளும் மரவள்ளிக் காடுகளும் சூழ்ந்த ஊர். (இங்குக் காடு என்பது வனமன்று, மேட்டு விளைநிலத்தை மக்கள் அவ்வாறே அழைக்கின்றனர்.) மரத்திலிருந்து இறக்கிய பச்சைப் பாக்கைத் தோலுரித்து, வேகவைத்து, களத்தில் உலர்த்துவது இவ்வூரின் முதன்மைத் தொழில்களுள் ஒன்று. மரவள்ளிக் கிழங்கோ சேகோ ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசியாகிறது. இத்தொழில்களில் உழைப்போர் பெரும்பாலும் நாட்கூலிகள். வட்டாரத்தை ஒட்டியுள்ள அருநூற்றுமலையிலும் கல்வராயன் மலையிலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர்.

அலைபேசி யாருடையது?

பெருந்தொற்றுக் காலத்தில் பாடங்கள் அலைபேசிக்கு மாறின. கூலித் தொழிலாளியின் வீட்டில் தொடுதிரை அலைபேசி இருந்தாலும் அது ஒன்றுதான். அதுவும் தந்தையின் சட்டைப்பையில் விடியற்காலையிலேயே வேலைக்குப் புறப்பட்டுவிடும். எங்கே ஆள் வேண்டும், எப்போது வண்டி வரும் என்னும் செய்தி அதில்தான் வரும் என்பதால் அவர் அதை வீட்டில் விட்டுச் செல்லவும் இயலாது. இரவில் அது திரும்பி வரும்போது மூன்று பிள்ளைகள் காத்திருப்பர். பொதுத்தேர்வு எழுதும் அண்ணனுக்கு முதலிடம் கிடைக்கும். சமையற்கட்டில் அம்மாவுக்கு உதவும் தங்கையின் முறை வருமுன் அன்றைய இணைய அளவு தீர்ந்துபோகும். மலையூர்களில் இவற்றுக்கும் முன்னதாக அலைவரிசை கிடைக்கும் பாறையைத் தேட வேண்டும்.

இது ஒரு வட்டாரத்தின் குறை மட்டுமன்று. 2017-18இல் நடத்தப்பெற்ற தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி, இந்திய ஊரக வீடுகளுள் கணினி இருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி பெற்றிருந்தவை 14.9 விழுக்காடு. ‘இணையவழிக் கல்வி’ என்னும் சொல் எத்தனை வீடுகளை வெளியே நிறுத்தியது என்பதை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

பழித்த பெட்டி

அலைபேசி எட்டாத இடத்தில் கைகொடுத்தது தொலைக்காட்சி. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி, பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்பு வாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. 2006ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கியபோது, ஏழைக்குப் பொழுதுபோக்கு எதற்கு என்று கேட்டோர் பலர். அன்று பழிக்கப்பட்ட அப்பெட்டி பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் வகுப்பறையாயிற்று! ஒரு பொருளின் பயனை அது வழங்கப்படும் நாளிலேயே அளந்துவிட முடிவதில்லை.

ஆயினும் தொலைக்காட்சியிடம் ஐயம் கேட்க முடியாது. மின்சாரம் நின்றால் பாடமும் நின்றுவிடும்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் பலருக்கு அவர்தம் வீட்டின் முதல் கணினியைத் தந்தது. தம்பி தங்கையரும் அதில் எழுத்துகளைத் தட்டிப் பழகினர். எனினும், மூத்தவர் எவரும் மேல்நிலை வகுப்பை எட்டாத வீட்டிற்கு அது வந்து சேரவில்லை. தேவை மிகுந்த வீடும் அதுவே.

திண்ணைக்கு வந்த வகுப்பு

2021 செப்டம்பரில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளும் நவம்பரில் தொடக்க, நடுநிலை வகுப்புகளும் திறக்கப்பட்டன. ஒன்றரை ஆண்டு இடைவெளியில் எழுத்துக்கூட்டிப் படிப்பதையே மறந்திருந்த சிறார் பலர். அவர்களுக்காக அவ்வாண்டு அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பெற்றது ‘இல்லம் தேடிக் கல்வி’. எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளை அந்தந்தத் தெருவிலேயே மாலையில் கூட்டி, அவ்வூர்த் தன்னார்வலர் கற்பித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. திண்ணையும் பாயும் போதுமானவையாக இருந்தன. திரையால் இயலாத ஒன்றை அத்திண்ணை செய்தது: பிள்ளை தடுமாறும் இடத்தில் உடனே நின்றது.

உரிமை என்னும் சொல்

இணையம் சலுகையா, உரிமையா? பெருந்தொற்றுக்கு முன்னரே, 2019 செப்டம்பரில், விடுதியில் அலைபேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி எனக் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழகத்தில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் அச்சாகியுள்ளன. நகரத்து மாணவர் அதன்மேல் அலைபேசியைக் காட்டிக் காணொலியைத் திறக்கிறார். அருநூற்றுமலை மாணவருக்கோ அது பல நாள்களில் ஒரு கறுப்புக் கட்டமாகவே இருக்கக்கூடும். அக்கட்டத்தைத் திறப்பதற்கு அவருக்குக் கிட்டும் இடம் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகம்தான். மாலை மணி அடித்ததும் அது பூட்டப்படுமாயின், மலைக்குச் செல்லும் பேருந்தும் அந்நேரமே புறப்படுமாயின், அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?