பல இயங்குதளங்களுக்கும் பொதுவான கருவிப்பட்டை

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகள் உள்ளன. அம்மாநிலத்தில் 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2017-இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அந்நிறுவனம் அமைத்த லினக்ஸ் இயங்குதளம் பள்ளிக் கணிப்பொறிகளில் பயன்படுத்தப்பெறுகிறது. ஆசிரியரின் இல்லத்திலோ விண்டோஸ் இருத்தல் கூடும். ‘ஜியோஜிப்ரா’ என்னும் கணிதச் செயலி இரண்டிலும் இயங்குமாயினும், அதனைத் தேடிக் காணும் இடமும் முறையும் வேறுபடுகின்றன. தேடுவதிலேயே பாடவேளை கழியுமாயின் இழப்பு மாணவனுக்கே. இதற்குரிய பரிகாரங்களுள் ஒன்றை இங்கு ஆராய்வோம்.

கருவிப்பட்டை என்பது யாது?

திரையின் ஓரத்தில் செயலிகளின் படக்குறிகளை வரிசையாகத் தாங்கி, சொடுக்கிய அளவில் உரிய செயலியைத் தொடங்கி வைக்கும் பட்டையே ஈண்டுக் கருதப்படுவது. 1989-இல் வெளிவந்த நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்திலும், பின்னர் விண்டோஸிலும் இத்தகைய அமைப்புகள் இடம்பெற்றன. இவை ஒவ்வொன்றும் தத்தம் தளத்திற்கே உரியவை. எல்லாத் தளங்களுக்கும் பொதுவான பட்டையை அமைக்க வேண்டின், அதன் பணியை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளல் வேண்டும்.

1. பட்டியல்: செயலியின் பெயர், படக்குறி, தொடக்கக் கட்டளை ஆகியவை எழுதப்பெற்ற கோப்பு.

2. தோற்றம்: பட்டையைத் திரையில் வரையும் பகுதி. க்யூடி, டிகே போன்ற பொதுக் கருவித்தொகுதிகளைக் கொண்டு இதனை ஒருமுறை எழுதினால் பல தளங்களிலும் பயன்படும்.

3. ஏவுதல்: செயலியைத் தொடங்குமாறு இயங்குதளத்தைக் கேட்கும் பகுதி. தளத்திற்குத் தளம் பெரிதும் மாறுவது இதுவே. ஆதலின், இதனைத் தனியே ஒதுக்கிச் சிறிதாக வைத்தல் நன்று.

வேறுபாடுகள்

விண்டோஸில் ஒரு கோப்பு செயலியென்பதை ‘இ.எக்ஸ்.இ.’ போன்ற பின்னொட்டு உணர்த்தும். லினக்ஸில் அக்கோப்பிற்கு அளிக்கப்பெற்ற இயக்க அனுமதி உணர்த்தும். லினக்ஸில் கோப்புப் பெயரின் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறானவை; விண்டோஸில் பொதுவாக அவ்வாறன்று. விண்டோஸில் செயலிகள் வைக்கப்பெறும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்னும் அடைவின் பெயரிலேயே ஓர் இடைவெளி உண்டு. கட்டளையை ஒரே சரமாக அனுப்பினால், அவ்விடைவெளியில் அது இரண்டாக முறிதல் கூடும். செயலியின் பாதையையும் அதற்குரிய உள்ளீடுகளையும் தனித்தனி உறுப்புகளாக அனுப்புவதே பிழையற்ற வழி. மேலும், ஏவிய செயலி முடியும்வரை பட்டை காத்திருத்தல் ஆகாது. காத்திருப்பின் பட்டை உறைந்து நிற்கும்.

தமிழ்ப் பெயர் அமைத்தல்

லினக்ஸில் செயலிக்குப் பொதுவாக ‘டெஸ்க்டாப்’ என்னும் பின்னொட்டுடைய விவரக் கோப்பு ஒன்று உண்டு. அதில் ‘நேம்’ என்னும் வரி பொதுப் பெயரையும், ‘எக்ஸெக்’ என்னும் வரி கட்டளையையும் தாங்கும். ‘நேம்’ என்பதையடுத்துச் சதுர அடைப்பினுள் தமிழைக் குறிக்கும் ‘டி, ஏ’ என்னும் ஈரெழுத்துகளை இட்டு, மற்றொரு வரியில் தமிழ்ப் பெயரையும் எழுதலாம். ஆனால், கணிப்பொறியின் மொழி தமிழாக அமைக்கப்பெற்றிருந்தாலன்றி இப்பெயர் தோன்றாது. எல்லைப்புறப் பள்ளியில் ஒரே கணிப்பொறியை மலையாளவழி மாணவரும் தமிழ்வழி மாணவரும் பயன்படுத்த நேரிடலாம். ஆகவே, கணிப்பொறியின் மொழியை மாற்றாமலே பெயரின் மொழியைத் தேர்ந்துகொள்ளும் பொத்தான் ஒன்றைப் பட்டையிலேயே அமைத்தல் பொருத்தமாகும். பட்டியற் கோப்பை யூனிகோடு முறையில், யு.டி.எஃப்.-8 வடிவில் சேமித்தல் இன்றியமையாதது. பழைய எழுத்துருக் குறியீடுகளில் எழுதிய பெயர், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

ஆசிரியர் கவனத்திற்கு

பட்டையில் செயலிகளை அளவின்றிச் சேர்த்தல் தேடும் தொல்லையை மீண்டும் வரவழைக்கும். அவ்வகுப்பிற்கு வேண்டிய ஐந்தாறு செயலிகளே போதும். இரு தளங்களிலும் அவற்றின் வரிசையும் படக்குறியும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். மாணவன் முதலில் நினைவிற்கொள்வது இடத்தையும் உருவத்தையுமே.

பயிற்சி

1. பட்டையின் மூன்று பகுதிகளுள் தளத்திற்கேற்ப மிகுதியும் மாறுவது யாது? ஏன்?

2. தங்கள் பள்ளியில் மிகுதியாகப் பயன்படும் ஐந்து செயலிகளுக்கு மாணவர் எளிதில் உணரத்தக்க தமிழ்ப் பெயர்களை எழுதுக.

3. அவற்றுள் இரு தளங்களிலும் இயங்குவன எவை எனச் சோதித்துப் பட்டியலிடுக.