கடவுச்சொல்லை மாற்றியதும் மெயில் போகவில்லையா?

கடவுச்சொல்லை மாற்றிய மறுநாள் பல அலுவலகங்களில் கேட்கும் பேச்சு இது: “மெயில் எல்லாம் வருது, ஆனா ஒண்ணுமே போக மாட்டேங்குது.” அனுப்பியவை அவுட்பாக்ஸில் கிடக்கும். விலைப்புள்ளி அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருப்பார். வாடிக்கையாளருக்கோ எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது. கோளாறு சிறியதுதான். அதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகள்தான் அதைப் பெரிதாக்கிவிடுகின்றன.

நம்பிக்கை: மெயில் வருகிறது என்றால் கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது.

உண்மை: வருவதற்கு ஒரு வழி, போவதற்கு வேறு வழி. வரும் அஞ்சலை ஐமேப் அல்லது பாப் முறையில் எடுக்கிறோம். போகும் அஞ்சலை எஸ்எம்டிபி முறையில் கொடுக்கிறோம். 1982இல் எஸ்எம்டிபி வகுக்கப்பட்டபோது, அனுப்புகிறவரிடம் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடே அதில் கிடையாது. 1999இல்தான் அதற்கான விதிமுறை தனியாக வந்தது. அந்தப் பிரிவு இன்றைய செயலிகளிலும் தொடர்கிறது. தண்டர்பேர்ட் இரண்டு கடவுச்சொற்களைத் தனித்தனியே சேமிக்கிறது. வரும் அஞ்சலுக்குப் புதியதைத் தந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். போகும் அஞ்சலுக்குப் பழையதே நிற்கிறது. அமைப்புகளில் சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலைத் திறந்து, எஸ்எம்டிபி என்று தொடங்கும் வரியை மட்டும் நீக்குங்கள். அடுத்த மெயிலை அனுப்பும்போது செயலியே புதியதைக் கேட்கும். ஐபோனில் கணக்கின் உள்ளே எஸ்எம்டிபி என்ற தனிப் பகுதி உண்டு. அங்கே முதன்மை சர்வரைத் தொட்டுக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

நம்பிக்கை: போர்ட் எண்ணை மாற்றிப் பார்த்தால் சரியாகிவிடும்.

உண்மை: நேற்றுவரை 587 வழியாகப் போன அஞ்சல், கடவுச்சொல் மாறியதற்காக வேறு எண்ணைக் கேட்காது. பிழைச் செய்தியைப் படியுங்கள். 535 என்று இருந்தால், இணைப்பு சர்வர்வரை போய்விட்டது. நம் அடையாளத்தைத்தான் அது ஏற்கவில்லை.

நம்பிக்கை: ஜிமெயிலின் புதிய கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் தட்டினால் போதும்.

உண்மை: 2022 மே மாத இறுதியோடு, தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு பிற செயலிகள் நுழைவதை கூகுள் நிறுத்திவிட்டது. புதிய செயலிகள் கூகுளின் பக்கத்தையே திறந்து உள்நுழையச் சொல்லும். அந்த வசதி இல்லாத பழைய மென்பொருளுக்கும், ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் அலுவலக இயந்திரத்துக்கும் 16 எழுத்துகள் கொண்ட ஆப் பாஸ்வேர்டு வேண்டும். அதற்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று: கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். ஸ்கேனர் திடீரென்று மெயில் அனுப்ப மறுத்தால், மெக்கானிக்கை அழைக்குமுன் இதைப் பாருங்கள்.

நம்பிக்கை: கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே நல்ல வழி.

உண்மை: இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பாப் முறையில் எடுத்த அஞ்சல்கள் பெரும்பாலும் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கும். சர்வரில் நகல் இருக்காது. கணக்கோடு சேர்ந்து பல ஆண்டுக் கடிதங்களும் போய்விடக்கூடும். அவுட்பாக்ஸில் நிற்பவையும் அப்படியே.

நம்பிக்கை: பழைய கடவுச்சொல்லுக்கே திரும்பிவிட்டால் வேலை முடிந்தது.

உண்மை: கசிந்துவிட்டது என்ற சந்தேகத்தில் மாற்றியிருந்தால், திருடியவருக்கே கதவைத் திறந்துவிடுகிறீர்கள். அதற்குப் பதில், அந்தக் கணக்கு இருக்கும் எல்லாக் கருவிகளையும் தேடிப் பிடியுங்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய போன்கூடப் பழைய கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப முயன்று கணக்கையே பூட்ட வைக்கலாம். ஒவ்வொரு கருவியிலிருந்தும் உங்களுடைய இன்னொரு முகவரிக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். பிறகு அவுட்பாக்ஸில் தேங்கியவற்றை அனுப்புங்கள்.