செம்பு லீஸ்டு லைன்: ரவுட்டரைத் தொடும் முன் கம்பியை அளந்து பாருங்கள்

கோவை வட்டாரத்தில் நூற்பாலைகளையும் அவற்றின் நகர அலுவலகங்களையும் செம்புக் கம்பி லீஸ்டு லைனால் (டெலிபோன் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கும் தனி லைன்) இணைக்கும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். லைன் விழுந்ததும் எல்லோருடைய கையும் ரவுட்டருக்குத்தான் போகும். கோளாறோ பெரும்பாலும் மண்ணுக்கடியில், ஏதோ ஒரு ஜாயின்ட்டில் இருக்கும். கம்பியை அறிந்தவருக்கு மற்றதெல்லாம் எளிது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக, நான் கற்றவற்றில் முக்கியமானவை இவை.

1. கம்பியின் நீளத்தைக் கம்பியிலேயே அளக்கவும்

சாலைவழி இரண்டு கிலோமீட்டர்தானே என்று மோடம் வாங்கிவிடக் கூடாது. கம்பி ஆலையிலிருந்து டி.பி. (கம்பிப் பகிர்வுப் பெட்டி), பில்லர் (சாலையோரக் கேபிள் பெட்டி) வழியாக எக்ஸ்சேஞ்சின் எம்.டி.எஃப். (முதன்மைப் பகிர்வுச் சட்டகம்) வரை போய், அங்கே ஜம்பர் மாறி, வேறொரு கேபிளில் அலுவலகத்துக்கு வருகிறது. இரு முனையிலும் மோடத்தைக் கழற்றுங்கள். வெளி வோல்டேஜ் எதுவும் ஏறவில்லை என்று மல்டிமீட்டரில் உறுதி செய்துகொண்டு, எதிர்முனையில் இரண்டு கம்பிகளையும் சேர்த்து லூப் போடச் சொல்லி ஓம் பாருங்கள். 0.5 மி.மீ. கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 170 ஓம், 0.4 மி.மீ. கம்பிக்குச் சுமார் 270 ஓம். மீட்டர் 850 காட்டினால், 0.5 கம்பியில் அது ஐந்து கிலோமீட்டர்.

2. வேகத்தில் பேராசை வேண்டாம்

இந்த வேலைக்கு ஏற்றது ஜி.எஸ்.எச்.டி.எஸ்.எல். மோடம். 2001இல் வந்த தரப்படி, ஒரே ஜோடிக் கம்பியில் இரு திசையிலும் சமமாக 2.3 எம்.பி.பி.எஸ். வரை தரும். ஒரு முனையை சி.ஓ. (எக்ஸ்சேஞ்ச் பக்கம்) என்றும் மறுமுனையை சி.பி.இ. (வாடிக்கையாளர் பக்கம்) என்றும் அமைத்தால்தான் இரண்டும் கைகோக்கும். தூரம் கூடினால் வேகம் குறையும். மோடம் எட்டிப் பிடிக்கும் உச்ச வேகத்திலேயே ஓட்டாதீர்கள். நாய்ஸ் மார்ஜின் (இரைச்சலைத் தாங்கும் இடைவெளி) 6 டெசிபலுக்குக் கீழே இறங்காத வேகத்தில் நிறுத்துங்கள். அடிக்கடி அறுந்து சேரும் 2 எம்.பி.யைவிட, நாள் முழுக்க நிற்கும் 1 எம்.பி.தான் ஆலைக்கு உதவும்.

3. பேசாத கம்பிக்குப் பெயர்ச்சீட்டு கட்டவும்

லீஸ்டு ஜோடியில் டயல் டோன் கிடையாது. புது டெலிபோனுக்குக் கம்பி தேடும் லைன்மேன் பட்-போனை (சோதனை போனை) வைத்துப் பார்த்து, "இது காலி ஜோடிங்க" என்று எடுத்துக்கொள்வார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது; அவர் காதுக்கு அது காலிதான். பில்லரிலும் டி.பி.யிலும் எம்.டி.எஃப்.பிலும் 'டேட்டா லைன், தொடாதீர்' என்று சீட்டுப் போடச் சொல்லி, கூடவே நின்று பாருங்கள்.

டெலிபோன் கம்பியில் உள்ள 48 வோல்ட்டும் இதில் இருக்காது. அதனால் மின்னோட்டமும் இல்லாமல் ஜாயின்ட்டுகளில் ஆக்சைடு படிந்து, கம்பி மெல்ல மெல்லக் கெட்டுப்போகும். வெட்டிங் கரன்ட் (கம்பியில் சிறு மின்னோட்டம் விடும்) வசதியுள்ள மோடமாக வாங்கினால் இது பெருமளவு தடுக்கப்படும்.

4. ஜோடி மாறியிருக்கிறதா பாருங்கள்

ஜாயின்ட் போடும்போது ஒரு ஜோடியின் ஒரு கம்பியும் பக்கத்து ஜோடியின் ஒரு கம்பியும் சேர்ந்து ஒரே ஜோடியாகிவிடுவது உண்டு. ஓம் சரியாகக் காட்டும், லூப்பும் சரியாக வரும். மோடத்தில் மட்டும் பிழைகள் குவியும். முறுக்கு குலைந்துவிட்டதால் அக்கம்பக்கத்து இரைச்சலெல்லாம் உள்ளே வருகிறது. மீட்டர் நன்றாகக் காட்டியும் லைன் சரியில்லை என்றால், முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

5. மழைக்கு முன்பே தயாராகுங்கள்

ஐப்பசி மழை தொடங்கும் முன், மோடத்தையும் மின்னல் தடுப்பு அரெஸ்டரையும் கழற்றிவிட்டு, மெகர் (இன்சுலேஷன் மீட்டர்) வைத்து இன்சுலேஷன் பாருங்கள். கம்பிக்கும் கம்பிக்கும், கம்பிக்கும் எர்த்துக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். இடி மின்னலுக்காக இரு முனையிலும் கேஸ் டியூப் அரெஸ்டர் அவசியம். எர்த் சரியில்லாத இடத்தில் அரெஸ்டர் இருந்தும் பயனில்லை.

6. குறுகிய லைனில் முன்னுரிமை கொடுங்கள்

64 கே.பி.பி.எஸ். லைனில் 1,500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேறவே 187 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அதற்குப் பின்னால் நிற்கும் குரல் பாக்கெட் அதுவரை காத்துக் கிடக்க வேண்டும். குரலுக்கும் சரக்குக் கணக்குக்கும் ரவுட்டரில் முதல் வரிசை ஒதுக்குங்கள். பெரிய கோப்புகளை இரவில் அனுப்புங்கள்.

7. தனி லைன் என்பதால் பூட்டிய லைன் ஆகாது

பில்லரைத் திறக்க முடிந்த எவரும் உங்கள் கம்பியைத் தொட முடியும். சம்பளப் பட்டியலும் வங்கி விவரமும் போகிற லைனில் ஐபிசெக் குறியாக்கம் போட்டே ஆகவேண்டும். மாற்று லைன் வேண்டுமென்று அதே கேபிளில் இரண்டாவது ஜோடியை எடுப்பதிலும் பயனில்லை. ஜே.சி.பி. தோண்டினால் இரண்டும் சேர்ந்தே போகும். மாற்று லைன் வேறு பாதையில் வரட்டும்.

8. நல்ல நாளின் அளவுகளை எழுதி வையுங்கள்

லைன் நன்றாக ஓடும்போதே லூப் ஓம், இன்சுலேஷன், நாய்ஸ் மார்ஜின், பில்லரிலும் எம்.டி.எஃப்.பிலும் உள்ள ஜோடி எண்கள் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, ரேக் கதவில் ஒட்டுங்கள். லைன் விழுந்தால் முதலில் உங்கள் மோடத்தில் லோக்கல் லூப் சோதனை, அடுத்து எதிர்முனையில் ரிமோட் லூப் சோதனை. இரண்டாவதில் மட்டும் தோற்றால் கம்பியை அளந்து, தாளோடு ஒப்பிடுங்கள். "லைன் வேலை செய்யவில்லை" என்ற புகாரோடு வரும் லைன்மேன் பாதை முழுவதும் நடக்க வேண்டியிருக்கும். "850 ஓம் இருந்தது, இப்போது 1,400, கூடக் குறைய ஆடுகிறது" என்று சொன்னால், தளர்ந்த ஜாயின்ட்டைத் தேடி அவர் நேராகக் கிளம்பிவிடுவார்.