மலைவெளியும் இளையோர் மனநலமும்

எமது மொன்றியல் நகரின் நடுவே நிற்கும் றோயல் மலையின் உயரம் 233 மீற்றர் மாத்திரமே. பிதுருதலாகலையைக் கண்ட கண்களுக்கு இது வெறுங் குன்றுதான். ஆயினும் இக்குன்றின் சரிவிலேயே, கோட் டெ நேஜ் பகுதியில், எம்மவர் பலர் வாழ்கின்றனர். அப்பெயருக்குப் 'பனிச்சரிவு' என்பது பொருள்.

இம்மலைப் பூங்கா 1876 மே 24 இல் திறக்கப்பட்டது. அதனை வடிவமைத்த ஒல்ம்ஸ்ரெட், நியூயோர்க்கின் சென்ட்ரல் பூங்காவை உருவாக்கியவர்களுள் ஒருவர். இயற்கைக் காட்சி நலிந்த உள்ளத்திற்கு மருந்தாகும் என்பது அவரது கொள்கை. ஆதலால் மலைப்பாதையைச் செங்குத்தாக அமைக்காது, வளைந்து வளைந்து மெல்ல ஏறுமாறு திட்டமிட்டார்.

இம்மருந்தை இளையோருக்கெனப் பள்ளிமுறையாக வகுத்தவர்களுள் கூர்ட் ஹான் முதன்மையானவர். ஜெர்மனியில் பாடசாலை அதிபராயிருந்த இவர் யூதர். நாசிகளை எதிர்த்தமையால் 1933 இல் சிறைப்பட்டு, பின் பிரித்தானியாவில் தஞ்சம் புகுந்தார். 1941 இல் வேல்ஸ் நாட்டின் அபடோவியில், இளம் மாலுமிகளுக்காக அவுட்வேர்ட் பவுண்ட் பள்ளி தொடங்கியது. 1950 இல் இங்கிலாந்தின் எஸ்க்டேல் பள்ளத்தாக்கில் அதன் மலைப்பள்ளி திறக்கப்பட்டது. மலையேற்றத்தையும் முகாம் வாழ்வையும் உளச்சிகிச்சைக்குத் துணையாக்கும் பிற்கால முறைகள் பல இவ்வழி வந்தவையே. அகதியான ஓர் ஆசிரியரின் பணி என்பதால் இதனைச் சற்று விரித்துரைத்தோம், வாசகர் பொறுத்தருள்க.

எமது மண்ணிலும் இதற்கு நிகரானதொன்று உண்டு. 1996 இல் மட்டக்களப்பில் தோன்றிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரால் நொந்த தமிழ், முஸ்லிம் சிறார்கள் மரநிழலில் ஒன்றாக விளையாடினர், ஓவியம் வரைந்தனர், கதை புனைந்தனர். கனடியக் கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதன் முன்னோடிகள்.

மலைவெளி எவ்வாறு உதவுகின்றது? பாடம் படிக்கையில் மனத்தை வலிந்து ஒருமுகப்படுத்துகின்றோம், அது களைக்கின்றது. இலையசைவையும் நீரோட்டத்தையும் காண எம்முயற்சியும் வேண்டியதில்லை. களைத்த மனம் அங்கே ஓய்வு பெறுகின்றது. கப்லான் தம்பதியர் 1989 இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விரிவாக விளக்கினர். மற்றொன்றை நாம் அனுபவத்தால் அறிந்தோம்.

எமது வகுப்பில் ஒரு மாணவன் தவணை முழுவதும் வாய் திறக்கவில்லை. அதனை அடக்கம் என்று மெச்சினோம். அது எமது பிழை. வைகாசியில் மாணவரை மலைக்கு அழைத்துச் சென்றபோது, பீவர் ஏரிக்கரையில் எம்மருகே நடந்தவன், எம்மைப் பாராமலே, தான் இரவில் உறங்குவதில்லை என்றான். மேசைக்கு அப்பாலிருந்து வினவியிருந்தால் கூறியிருப்பானா? பக்கத்தில் நடப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மௌனம் நேரினும் அது மௌனமாகத் தோன்றுவதில்லை. காலடியோசை அதனை நிரப்பிவிடுகின்றது.

ஒரு நடையால் அவன் குணமடைந்தான் என்று எழுதமாட்டோம். அவனது சம்மதத்துடன் பெற்றோரிடம் பேசினோம். அவர்கள் மருத்துவரை நாடினர். மலை துணை மாத்திரமே. இத்தகைய வேளையில் 811 ஐ அழைத்து 2 ஐ அழுத்தினால் சமூக சேவையாளருடன் பேசலாம். இது பைத்தியத்திற்கான இலக்கம் என்று அஞ்சுவோர் எம்மிடையே இன்னும் உளர், அது தவறு.

பெற்றோரே, மாதத்தில் ஒரு சனிக்கிழமையேனும் ரியூசனிலிருந்து பிள்ளைகளை விடுவித்து எம்முடன் அனுப்புங்கள். தை மாதத்தில் சறுக்குப் பலகைகளுடன் ஏரிச் சரிவுக்குச் செல்லவுள்ளோம். கையுறை இரண்டு சோடி கொடுத்துவிடவும். ஒன்று கட்டாயம் நனையும்.