சுருட்டை முடியும் கத்தரிக்கோலும்

"சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும்" என்றொரு பழமொழி நம் பக்கத்தில் வழங்கி வருகிறது. முடியின் வடிவைக் கொண்டு ஒருவருடைய செல்வத்தைக் கணிக்க இயலுமா என்ற கேள்வியைச் சோதிடர்களுக்கு விட்டுவிடலாம். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை சுருட்டை, கோரை இரண்டுமே சோறு போட்டவைதாம். என் தந்தையார் முடிதிருத்தும் நிலையம் நடத்துபவர். விடுமுறை நாள்களில் அக்கடையில் துண்டு உதறியும், தரை பெருக்கியும், நாற்காலியில் அமர்பவர்களின் தலைகளைப் பார்த்தும் வளர்ந்தவன் நான். இன்று விலங்கியல் மாணவனாக மயிரின் அமைப்பைப் பாடமாகப் படிக்கிறேன். கடையில் கண்டதையும் வகுப்பில் கற்றதையும் அருகருகே வைத்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

சுருட்டை முடி உடைய நண்பர்கள் பலருக்கு முடி வெட்டிக்கொண்டதும் ஒரு மனக்குறை உண்டாவதைக் கண்டிருக்கிறேன். கடையில் கண்ணாடி முன் அமர்ந்திருந்தபோது தலை ஒழுங்காகத்தான் இருந்தது. மறுநாள் குளித்து உலர்ந்தபின் பார்த்தால் அது வேறு யாருடைய தலையோ போல் ஆகிவிடுகிறது. ஒருபுறம் ஏறுகிறது, மறுபுறம் இறங்குகிறது, காதோரம் புடைத்துக்கொள்கிறது. "பரட்டை" என்ற பட்டமும் தவறாமல் வந்து சேர்கிறது. பிறகு அவர்கள் எண்ணெயைக் கவிழ்த்துப் படிய வாருகிறார்கள். அல்லது வேண்டாம் இந்தத் தொல்லை என்று ஒட்ட வெட்டிக்கொள்கிறார்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வு வந்தால், முதல் நாள் மாலையே விடுதியில் சுருட்டைத் தலைகள் மொட்டையை ஒட்டி வந்துவிடுகின்றன. அத்தனைக்கும் காரணம் வெட்டிய முறைதான் என்பதே நான் சொல்ல வருவது.

சுருள் பிறக்கும் இடம்

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. மயிர் என்றால் வகுப்பில் சிரிப்பு எழுகிறது. வள்ளுவர் கூசாமல் ஆண்ட சொல் அது. உயிரியலிலும் அதுவே கலைச்சொல். சுருளுக்கும் நம் மொழியில் சொற்பஞ்சம் இல்லை. மகளிர் கூந்தலை முடிக்கும் ஐந்து வகைகளை ஐம்பால் என்று சொல்லி, அதில் சுருள் என்பதையும் ஒன்றாக எண்ணியிருக்கிறார்கள். அளகம் என்ற சொல்லும் சுருண்ட கூந்தலைக் குறிக்கும். பரட்டை என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவையும் அடக்கிவிட்டது நம் காலத்துச் சாதனை.

மயிர் வளர்வது தோலுக்குள் பதிந்திருக்கும் மயிர்ப்பையிலிருந்து. கோரை முடிக்கு உரிய மயிர்ப்பை நேராக உள்ளே இறங்குகிறது. சுருட்டை முடிக்கு உரியது வளைந்து இறங்குகிறது. ஆதலால் மயிர் வெளிவரும்போதே வளைவோடு வருகிறது. குறுக்கே நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் கோரை மயிர் ஏறத்தாழ வட்டமாகவும், சுருண்ட மயிர் நீள்வட்டமாகவும் தெரியும். உள்ளமைப்பிலும் வேறுபாடு உண்டு. 1953ஆம் ஆண்டில் ஹோரியோ, கோண்டோ என்னும் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுருண்ட கம்பளி இழையை ஆராய்ந்தனர். அதனுள் இருவகைச் செல்கள் பக்கம் பக்கமாக அமைந்து, இழையின் சுருளோடு தாமும் சுற்றி வருவதைக் காட்டினர். மனித மயிரில் இப்பிரிவு அவ்வளவு தெளிவாக இல்லை. எனினும் சுருளின் உள்வளைவும் வெளிவளைவும் ஒரே தன்மை உடையன அல்ல என்பது உறுதி.

மயிரின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். அதன் சங்கிலிகளை இருவகைப் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. கந்தக அணுக்கள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து உண்டாக்கும் பிணைப்பு வலியது, தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு மெலியது. தண்ணீர் பட்டதும் அவிழும், உலர்ந்ததும் மீண்டும் கட்டிக்கொள்ளும். நனைந்த சுருளை இழுத்தால் அது இசைந்து நீள்வது இதனால்தான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆஸ்ட்பரி என்ற அறிஞர் 1930களில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு மயிரை ஆராய்ந்து, ஈரமாக இழுக்கும்போது மூலக்கூறுகளே நீண்ட வடிவுக்கு மாறுவதையும், விட்டுவிட்டால் பழைய வடிவுக்குத் திரும்புவதையும் கண்டறிந்தார். இந்தத் "திரும்புதல்"தான் நம்முடைய முழுப் பிரச்சினையும்.

நீட்டிய நீளமும் நிற்கும் நீளமும்

முடிதிருத்தும் கடைகளில் பொதுவாக நடப்பது யாவரும் அறிந்ததே. உட்கார்ந்ததும் துணியைப் போர்த்துவார்கள். பாட்டிலிலிருந்து தண்ணீரைத் தெளிப்பார்கள். சீப்பால் இழுத்து வாரி, விரலிடுக்கில் பிடித்து, வெளியே நிற்பதை வெட்டுவார்கள். கோரை முடிக்கு இம்முறையில் ஒரு குறையும் இல்லை. நனைந்தாலும் உலர்ந்தாலும் அதன் நீளம் பெரிதாக மாறுவதில்லை. சுருட்டையின் கணக்கோ வேறு.

என் தலையும் சுருட்டைதான். உச்சியிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி அளவுகோலின்மேல் வைத்தேன். இரு முனைகளையும் பிடித்து நீட்டியபோது 15 செ.மீ.; கையை விட்டதும் 9 செ.மீ. பிடரியிலிருந்து இன்னொன்று எடுத்தேன். அதுவும் நீட்டினால் 15 செ.மீ.தான், விட்டபோதோ 11 செ.மீ. ஒரே தலையில் உச்சிக்கு ஒரு சுருள், பிடரிக்கு ஒரு சுருள். நனைத்து, இழுத்து, இரண்டையும் சமமாக வெட்டிவிட்டு "எல்லாம் ஒரே அளவு" என்று சொன்னால் அது ஈரம் காயும் வரைக்கும்தான் உண்மை. உலர்ந்தபின் 2 செ.மீ. வேறுபாடு வெளியே வந்து நிற்கும். முன்நெற்றியில் 6 செ.மீ. வேண்டும் என்று நனைத்து அளந்து வெட்டினால், உச்சியின் கணக்குப்படி அங்கே நிற்கப்போவது 3.6 செ.மீ. நீளம் குறைந்ததும் முடியின் எடையும் குறைவதால், மிஞ்சிய சுருள் இன்னும் சற்று இறுகி மேலேறவும் கூடும்.

ஆகவே சுருட்டை முடியை அது நாள்தோறும் இருக்கும் நிலையிலேயே, அதாவது உலர்ந்து, இழுபடாமல், தன் போக்கில் நிற்கும்போதே வெட்டவேண்டும். நனைத்தே வெட்டுவோரிலும் கைதேர்ந்தவர்கள் உண்டு. எவ்வளவு சுருங்கும் என்பதை ஒவ்வொரு இடத்திற்கும் மனத்தில் கணக்கிட்டு அவர்கள் நீளம் விடுகிறார்கள். அந்தக் கணக்கு எல்லார் கைக்கும் வாராது.

தந்தையார் வெட்டும் முறை

அவரிடம் வரும் சுருட்டைத் தலைக்காரர்களுக்கு முன்கூட்டியே ஒரு கட்டளை உண்டு. "முந்தின நாளே தலைக்குக் குளிச்சிடுங்க. எண்ணெய் வைக்காதீங்க, சீப்பும் போடாதீங்க. அப்படியே வாங்க." எண்ணெய் சுருளைக் கனக்கச் செய்து இழுத்துவிடும், சீப்பு சுருளைப் பிரித்துப் பஞ்சாக்கிவிடும். இரண்டும் இல்லாதபோதுதான் தலையின் உண்மை உருவம் தெரியும்.

அமர்ந்தவுடன் அவர் கத்தரியை எடுப்பதில்லை. நாற்காலியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்ப்பார். சுழி எங்கே இருக்கிறது, ஒற்றைச் சுழியா இரட்டைச் சுழியா, முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிப்பார். சுழியைச் சுற்றியுள்ள முடியைக் கடைசி வரை தொடமாட்டார். அங்கே குறைத்துவிட்டால் குச்சி போல் எழுந்து நிற்கும். தண்ணீர்ப் பாட்டில் அலமாரியிலேயே இருக்கும். விரல் நுனியால் ஒரு சுருளை மெல்லத் தூக்குவார், இழுக்கமாட்டார். சுருள் உட்பக்கமாகத் திரும்பும் இடம் பார்த்து நறுக்குவார். அங்கே வெட்டினால் நுனி பக்கத்துச் சுருளுக்குள் அடங்கும் என்றும், வெளியே திரும்பும் இடத்தில் வெட்டினால் கொக்கி போல் துருத்தும் என்றும் சொல்வார். நாலைந்து சுருள் வெட்டியதும், தலையை ஒருமுறை உதறச் சொல்லி இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார். மீண்டும் நாலைந்து. இப்படி ஒரு தலைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இது நடவாது. செவ்வாய் எங்களுக்கு விடுமுறை. எனவே சுருட்டைக்காரர்களைப் புதன், வியாழன் பிற்பகலில்தான் வரச் சொல்வார்.

அடர்த்தியைக் குறைக்கவென்று சீப்பு போல் பல் வைத்த ஒரு கத்தரி உண்டு. சுருட்டை முடிக்காரர் பலர் "ரொம்ப அடர்த்தியா இருக்கு, தின்னிங் போடுங்க" என்று அதைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அது நீண்ட முடிகளுக்கு நடுவே எண்ணற்ற குட்டை முடிகளை உண்டாக்குகிறது. அக்குட்டை முடிகள் சுருண்டு எழுந்து, நீண்டவற்றை வெளியே தள்ளுகின்றன. இரண்டு வாரத்தில் தலை முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். சவரக்கத்தியால் நுனியைச் சீவுவதும் இதே குற்றம்தான்; மயிரின் மேற்செதில்கள் கிழிந்து நுனி நார் நாராகிறது. மெஷினை அவர் பிடரிக்கும் கிருதாவுக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறார்.

பெண்களின் நீண்ட சுருள் கூந்தலுக்கு வேறொரு சிக்கல் உண்டு. எப்போதும் பின்னலிட்டிருப்பவர்களுக்கு நுனியை நேர்கோட்டில் நறுக்கினால் போதும். விரித்து விடுவோருக்கு அப்படி வெட்டினால் எடை முழுவதும் கீழே சேர்ந்து, உச்சி தட்டையாகவும் அடி அகன்றும், கோயில் மணி கவிழ்த்தது போல் ஆகிவிடும். மேலடுக்கில் சில சுருள்களைச் சற்றுக் குறைத்துவிட்டால் கனம் நீங்கி உச்சி எழும்பும். வீட்டில் என் தங்கைக்குத் தந்தையார் இப்படித்தான் வெட்டிவிடுகிறார்.

லொரேன் மாஸி என்ற நியூயார்க் சிகையலங்காரர் 2001இல் சுருட்டை முடிக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். உலர்ந்த நிலையில் சுருள் சுருளாக வெட்டும் முறை அதன் வழியே பல நாடுகளில் பரவியது. இதை நான் தந்தையாரிடம் சொன்னபோது, "ஏம்ப்பா, அந்த ஊர்லயும் தண்ணி பட்டா சுருட்டை நீளுதாக்கும்?" என்று கேட்டுவிட்டுக் கத்தரியைத் துடைக்கப் போய்விட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், தம் தகப்பனாரிடம் கைப்பழக்கமாகக் கற்றது இது. எங்கள் தொழிலைச் சொல்லிப் பள்ளிநாளில் என்னைச் சிரித்தவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பில், இத்தொழிலுக்குள் ஓர் அறிவு இருக்கிறது என்ற எண்ணம் யாருக்கும் தோன்ற இடமில்லாமல் போயிற்று. எழுதி வைக்கப்படாத காரணத்தாலேயே அவ்வறிவு ஒரு கடையோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் கல்லூரி மலரில் இதற்குச் சில பக்கங்கள் கேட்டேன்.

கேட்டு வாங்கும் வகை

நிற்க. எல்லா ஊரிலும் என் தந்தையார் இருக்க முடியாது. எந்தக் கடைக்குப் போனாலும் நாம் சொல்லவேண்டியதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "மீடியம்", "சம்மர் கட்" என்பவற்றுக்குக் கடைக்கொரு பொருள் உண்டு, அவற்றை விட்டுவிடுங்கள். "தண்ணீர் தெளிக்காமல் வெட்டுங்கள், தின்னிங் வேண்டாம், முதலில் பாதி அளவே குறையுங்கள்" என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலோர் இசைவார்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போவது இதற்கு மிகவும் உதவும். நடிகரின் படத்தைக் காட்டுவதானால் அவரும் சுருட்டை முடி உடையவராக இருக்கட்டும். அதைவிட, நம் தலை அழகாக அமைந்த ஒரு நாளில் எடுத்த நம் படமே மேல். மாதம் ஏறத்தாழ 1 செ.மீ. முடி வளர்கிறது. சுருட்டையில் அவ்வளவும் நீளமாகத் தெரியாததால், நடுத்தர நீளம் வைத்திருப்போர் இரண்டரை மாதத்திற்கு ஒருமுறை வெட்டினால் போதும்.

கோடையில் ஒட்ட வெட்டுவதுதான் தலைக்குக் குளிர்ச்சி என்று நம்புகிறோம். டினா லசிசியும் அவருடன் சேர்ந்த அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நோக்கத்தக்கது. மனித உருவப் பொம்மையின் தலையில் கோரை, சுருட்டை, மிகச் சுருண்ட முடி என வெவ்வேறு பொய்முடிகளை வைத்துச் சூரிய ஒளிக்கு ஈடான வெப்பத்தைப் பாய்ச்சி அளந்தனர். வெப்பம் தலைத்தோலை அடையாமல் மிகுதியாகத் தடுத்தது மிகச் சுருண்ட முடியே. சித்திரை வெயிலில் பேருந்துக்கு நிற்கும் நமக்கு இது பயன்படும் செய்தி.

வெட்டுவதை விட்டுச் சுருளையே நேராக்கிக்கொள்ளும் வழியும் இன்று எளிதில் கிடைக்கிறது. நேராக்கும் மருந்துகளுள் சில, சூடேற்றும்போது பார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடுகின்றன. நம் துறை ஆய்வகத்தில் தவளையும் பாம்பும் மிதக்கும் குப்பிகளைத் திறந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக வகைப்படுத்தியது. இவ்வளவு செய்தாலும் மயிர்ப்பையின் வளைவு மாறுவதில்லை. மூன்று மாதத்தில் வேரடியில் 3 செ.மீ. சுருட்டை திரும்ப வந்திருக்கும்.

வெட்டிய அன்றே தலையைப் பற்றி முடிவுகட்டிவிட வேண்டாம். தந்தையார் தம்மிடம் வெட்டிக்கொள்பவரை மறுநாள் குளித்து உலர்த்திவிட்டு ஒரு நடை கடைப்பக்கம் வரச் சொல்வார். உதறிப் பார்த்து, எங்கேனும் ஒன்றிரண்டு சுருள் நீண்டு நின்றால் வாசலில் நிற்கவைத்தே நறுக்கி விடுவார். அதற்குக் காசு வாங்குவதில்லை.