கல்யாணமான முதல் வருஷம்: பச்சைக் காய் கணக்கும் காய்ஞ்ச காய் கணக்கும்



கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டிய பண விஷயங்களைப் பத்தி வீடியோ போட்டதுக்கு அப்புறம், நிறைய பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைத்தான் கேட்டீங்க. "சார், கல்யாணம் முடிஞ்சுது. வீட்டுக்கு சாமான் வாங்கணும், ஹனிமூனும் போகணும். கையில பணம் பத்தல. பர்சனல் லோன் எடுக்கலாமா?"

என் பதில்: வேண்டாம். இதைப் புத்தகத்துல படிச்சு சொல்லல, நானே எடுத்து அனுபவிச்சுட்டுத்தான் சொல்றேன்.

நான் பண்ண தப்பு

எனக்குக் கல்யாணம் ஆனது 2016 ஆவணியில. சி.ஏ. முடிச்சு ரெண்டு வருஷம், சென்னையில ஒரு ஆடிட் ஆபீஸ்ல வேலை. ஊருக்கெல்லாம் கணக்கு சொல்ற நான், பாலித் தீவுக்கு ஹனிமூன் போக 2 லட்சம் ரூபாய் பர்சனல் லோன் எடுத்தேன். வட்டி 14 சதவீதம், 24 மாசத் தவணை. மனைவிகிட்ட "சேர்த்து வெச்சிருந்த பணம்"னு சொல்லிட்டேன்.

மாச ஈ.எம்.ஐ. சுமார் 9,600 ரூபாய். 24 மாசத்துல கட்டினது 2,30,000-க்கு மேல. அதாவது வட்டி மட்டும் 30,000 ரூபாய்.

நாலாவது மாசம், தன் தம்பியோட காலேஜ் ஃபீஸுக்கு 10,000 ரூபாய் குடுக்கலாமான்னு அவங்க கேட்டாங்க. "இந்த மாசம் முடியாது"ன்னேன். ஏன்னு சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு, நான் குளிச்சுக்கிட்டு இருந்தப்போ ஈ.எம்.ஐ. பிடிச்ச மெசேஜ் என் போன்ல வந்துச்சு. வெளிய வந்ததும் அவங்க கேட்டது இதுதான்: "லோன் எடுத்ததைக் கூட விடுங்க. என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

30,000 ரூபாய் வட்டி எனக்கு மறந்துபோச்சு. அந்தக் கேள்வி இன்னும் மறக்கல.

அப்பா சொன்ன கணக்கு

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். என் ஊர் போடிநாயக்கனூர். அப்பா அங்க ஒரு ஏலக்காய்க் கடையில கணக்குப்பிள்ளையா இருந்தவர். முழுசா கேட்டுட்டு, "பச்சைக் காய் எடையைப் பார்த்துச் செலவு பண்ணிட்டப்பா"ன்னார்.

ஏலக்காய் தெரியாதவங்களுக்காக விளக்குறேன். மலையில செடியில இருந்து எடுக்குற பச்சைக் காயை அப்படியே விற்க முடியாது. ஸ்டோர்ல சூடு குடுத்துக் காய வைக்கணும். சுமார் அஞ்சு கிலோ பச்சைக் காய் காய்ஞ்சா ஒரு கிலோ வரும். ஸ்பைசஸ் போர்டு நடத்துற மின்னணு ஏலம் போடியிலயும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலயும் நடக்குது. அங்க விலை கிடைக்கிறது இந்தக் காய்ஞ்ச ஒரு கிலோவுக்குத்தான். காய் நிறைய காய்ச்சிருக்குன்னு அஞ்சு கிலோவுக்கும் செலவை முடிவு பண்றவன் அந்த வருஷமே கடன்ல விழுவான்.

நம்ம சம்பளமும் இதேதான். ஆஃபர் லெட்டர்ல இருக்குற சி.டி.சி. பச்சைக் காய். கையில வர்ற சம்பளம் கூட இன்னும் முழுசா காயல. கட்டாயச் செலவெல்லாம் போக மிஞ்சுறதுதான் காய்ஞ்ச காய். ஹனிமூன், சோபா, திரைச்சீலை எல்லாத்தையும் அந்த எடையை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்.

உங்க காய்ஞ்ச எடை எவ்வளவு?

ஒரு உதாரணம். கணவருக்குக் கையில 48,000. மனைவிக்கு 37,000. மொத்தம் 85,000 ரூபாய். கேட்க நல்லாத்தான் இருக்கு. இப்போ காய வைப்போம்:

- வாடகை, மெயின்டனன்ஸ்: 20,000
- ரெண்டு பேர் அப்பா அம்மாவுக்கும் அனுப்புறது: 15,000
- கல்விக் கடன் ஈ.எம்.ஐ.: 7,500
- சீட்டு: 5,000
- மளிகை, பால், கேஸ், கரன்ட், நெட், போக்குவரத்து: 21,000
- இன்சூரன்ஸ்: 1,500

மொத்தம் 70,000. மிச்சம் 15,000. அஞ்சரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல போனா ஒரு கிலோ. கிட்டத்தட்ட ஏலக்காய்க் கணக்கேதான்!

இந்தத் தம்பதி நான் வாங்கின மாதிரி ஒரு லோன் வாங்கினா, 15,000-ல 9,600 ஈ.எம்.ஐ.க்கே போயிடும். அதாவது 64 சதவீதம், ரெண்டு வருஷத்துக்கு. ஒரு வாரப் பயணத்துக்காக 24 மாசம்.

அதுக்குப் பதிலா அந்த 15,000-ஐ சம்பளம் வந்த அன்னைக்கே மூணாப் பிரிங்க:

1. அவசரத் தேவைக்கு 6,000. வருஷத்துல 72,000.
2. வீட்டுக்கு 5,000. வருஷத்துல 60,000.
3. பயணத்துக்கு 4,000. ஆறு மாசத்துல 24,000.

முக்கியமான விதி: இந்தக் கணக்கை ரெண்டு பேரும் சேர்ந்து, ஒரே பேப்பர்ல எழுதணும். ஒருத்தர் போட்டு இன்னொருத்தர்கிட்ட சொல்றது இல்ல. பழைய கடன், கிரெடிட் கார்டு பாக்கி, வீட்டுக்குக் குடுக்குறது எல்லாம் அந்தப் பேப்பர்ல வரணும்.

போனஸையும் இன்கிரிமென்ட்டையும் இதுல சேர்க்காதீங்க. 2019 ஆகஸ்ட்ல ஏலக்காய் ஏலத்துல அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. அந்த விலை நிலைக்கும்னு நம்பிக் கடன் வாங்கி இருந்தா என்ன ஆகும்? அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல விலை 1,000 ரூபாய் பக்கம் வந்துடுச்சு. போனஸும் அப்படித்தான். வந்தப்புறம் செலவு பண்ணுங்க, வரும்னு பண்ணாதீங்க.

மொய்ப் பணத்துல கை வைக்கலாமா?

வரி விஷயம் முதல்ல. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கோ பொண்ணுக்கோ வர்ற அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. உச்ச வரம்பும் இல்ல. ஆனா ஒருத்தர்கிட்ட இருந்து ஒரே நிகழ்ச்சிக்கு 2 லட்சம் ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. அந்தப் பணத்தை எஃப்.டி. போட்டா வர்ற வட்டிக்கு வரி உண்டு. மொய் நோட்டைப் பத்திரமா வைங்க. நாளைக்குக் கேள்வி வந்தா உங்க ஆதாரம் அதுதான்.

ஆனா எங்க தேனி, மதுரைப் பக்கம் மொய்ங்கறது வருமானம் இல்ல, செய்முறை. நோட்டுல எழுதினவங்க வீட்டு விசேஷத்துக்கு நீங்க திருப்பிச் செய்யணும். மொய்யை நம்பி அப்பா பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் கடன் சொல்லி வெச்சிருக்கலாம். அவர்கிட்ட கேட்காம அதுல டிக்கெட் போடாதீங்க. அதே மாதிரி மனைவியோட நகை சட்டப்படி அவங்க சொத்து. "அடகு வெச்சா ரெண்டு மாசத்துல மீட்டுடலாம்"ங்கற பேச்சை முதல் வருஷத்துல எடுக்கவே எடுக்காதீங்க.

வாடகை வீட்டை அழகாக்க ஒரே கேள்வி

எது வாங்குறதுக்கு முன்னாடியும் கேளுங்க: "வீடு மாறும்போது இதைக் கழட்டி எடுத்துட்டுப் போக முடியுமா?" முடியும்னா வாங்கலாம். முடியாதுன்னா அது ஓனர் வீட்டுக்கு நீங்க பண்ற முதலீடு. வால்பேப்பர், ஃபால்ஸ் சீலிங், சுவத்தோட சேர்த்த அலமாரி எல்லாம் இந்தக் கேள்வியில தோத்துப்போகும். ஆணி அடிச்ச ஓட்டைக்கும் பெயின்ட்டுக்கும் அட்வான்ஸ்ல பிடிப்பாங்க, அதையும் மறக்காதீங்க.

கேள்வியில ஜெயிக்கிற சில பொருட்கள்:

ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினா மாசத்துக்கு ஒரு ஃபேன்ல 20 யூனிட் மிச்சம். நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், அப்போ 40 யூனிட். ரெண்டு ஃபேன்னா 80. வீடு மாறும்போது கழட்டிட்டுப் போங்க, பழைய ஃபேனை மாட்டிக் குடுத்துடுங்க.

மெத்தை. எங்க போடி ஏலக்காய்க்கு மட்டும் இல்ல, இலவம் பஞ்சுக்கும் பேர் போன ஊர். இலவம் பஞ்சு மெத்தை அமுங்கிப் போச்சுன்னா தூக்கிப் போட வேண்டாம். வெயில்ல காய வெச்சு, பஞ்சைப் பிரிச்சு, மறுபடி அடைச்சுக்கலாம்.

கட்டில், பீரோ, டேபிள். ஊர் மாறிப் போறவங்க விக்கிற பழைய மரச்சாமானைப் பாருங்க. முதல் வீட்டுக்கு அது போதும்.

"நோ காஸ்ட் ஈ.எம்.ஐ."ன்னு சொன்னா, மொத்தமாக் காசு குடுத்தா என்ன விலைன்னு கேளுங்க. பல நேரம் அந்தத் தள்ளுபடி ஈ.எம்.ஐ.யில கிடைக்காது. பிராசஸிங் ஃபீஸ், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இதெல்லாம் தனியா வரும்.

24,000 ரூபாயில ஒரு ஹனிமூன்

ஆறு மாசம் சேர்த்த 24,000-ல எங்க போகலாம்? எங்க ஊர் வழியாவே சொல்றேன்.

மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை அகலப் பாதை வேலைக்காக 2010 கடைசியில நிறுத்தினாங்க. திரும்பப் போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன்ல. இப்போ சென்னை சென்ட்ரல்ல இருந்து வாரத்துக்கு மூணு நாள் போடிக்கு நேரடி ரயில் இருக்கு. ராத்திரி ஏறினா காலையில மலை அடிவாரம். அங்க இருந்து பஸ்ல போடிமெட்டு, பூப்பாறை வழியா மூணாறு, சுமார் 70 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏறக் காத்து மாறும். போடிமெட்டுல ஒரு டீ குடிச்சுட்டுப் போனா ரெண்டு பக்கமும் ஏலத் தோட்டம்தான்.

ரெண்டு பேருக்கு மூணு ராத்திரி, நீங்க ஒதுக்க வேண்டியது:

- ரயில் டிக்கெட், போக வர: 4,500
- பஸ்: 1,000
- ரூம், ராத்திரிக்கு 2,500 வீதம், 5 சதவீத ஜி.எஸ்.டி.யோட: 7,875
- கொழுக்குமலை சூரிய உதயம் பார்க்க ஜீப்: 3,000
- சாப்பாடு: 4,600
- கைச்செலவு, அவசரத்துக்கு: 3,000

மொத்தம் 23,975. கொழுக்குமலை தேனி மாவட்டத்துலதான் இருக்கு, ஆனா ஜீப் கேரளாப் பக்கம் சூரியநெல்லியில இருந்து போகும். குரங்கணி பக்கம் காட்டுக்குள்ள நடக்கணும்னு ஆசை இருந்தா வனத்துறை அனுமதி இல்லாம போகவே போகாதீங்க. 2018 மார்ச்ல அங்க நடந்த காட்டுத்தீயை எங்க ஊர் மறக்கல.

ரூம் போடும்போது ஒரு ஜி.எஸ்.டி. விஷயம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து ராத்திரிக்கு 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18 சதவீதம். 7,400 ரூபாய் ரூமுக்கு பில் 7,770. 7,600 ரூபாய் ரூமுக்கு 8,968. விலையில 200 வித்தியாசம், பில்லுல கிட்டத்தட்ட 1,200!

கம்பெனியில எல்.டி.ஏ. இருந்து, நீங்க பழைய வரி முறையில இருந்தா, டிக்கெட்டை எடுத்து வைங்க. இந்தியாவுக்குள்ள போற பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான் விலக்கு. ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. புது முறையில இந்த விலக்கே இல்ல. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். பிடிச்சா பயப்பட வேண்டாம், ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம். ஆனா அது வரைக்கும் அந்தப் பணமும் உங்க கையில இருக்காது.

இந்த மாசமே முடிக்க வேண்டிய மூணு வேலை

1. கம்பெனி ஹெல்த் இன்சூரன்ஸ்ல துணைவர் பேரைச் சேருங்க. பல கம்பெனிகள்ல கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் டைம். விட்டா அடுத்த ரினியூவல் வரைக்கும் காத்திருக்கணும்.
2. பி.எஃப்., பேங்க், இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாத்துலயும் நாமினியைப் புதுப்பிங்க.
3. அந்த ஒரு பேப்பர் கணக்கைப் போடுங்க.

கடைசியா

எங்க முதல் கல்யாண நாளுக்கு, 2017-ல, ஈ.எம்.ஐ. இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. "எங்கயும் போக வேண்டாம்"னேன். மனைவிதான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டாங்க. 6,000 ரூபாய் வந்துச்சு. போடிக்கு பஸ், எங்க வீட்டுலயே தங்கல், ஒரு நாள் மூணாறு. பஸ்ல ஜன்னலோர சீட்ல உட்கார்ந்து அவங்க சின்ன நோட்டுல செலவை எழுதிக்கிட்டே வந்தாங்க. திரும்பும்போது 700 ரூபாய் மிச்சம். அதுல ரெண்டு இலவம் பஞ்சு தலகாணி வாங்கினோம். எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் ஹனிமூன். அதுல மறைக்க எதுவுமே இல்ல.

2018 ஆகஸ்ட்ல கடைசி ஈ.எம்.ஐ. கட்டினேன். அந்த வருஷம்தான் மூணாறு பக்கம் நீலக்குறிஞ்சி பூத்துச்சு. கையில காசு இல்ல, கேரளாவுல வெள்ளம் வேற. போக முடியல. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்குற பூ, அடுத்தது 2030-ல. அதுக்கு எங்க வீட்டுல தனியா ஒரு ஆர்.டி. ஓடிக்கிட்டு இருக்கு. ரெண்டு பேர் பேர்லயும்.

இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டப்புறம் டி.வி.யை நிறுத்திட்டு, ஒரு பேப்பர், ஒரு பேனா, அரை மணி நேரம். உங்க காய்ஞ்ச எடை எவ்வளவுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. யாராவது எதையாவது மறைச்சிருந்தா, இன்னைக்கே சொல்லிடுங்க. மெசேஜ் வந்து தெரியறதை விட, நீங்க சொல்லித் தெரியறது நல்லது.

அடுத்த பதிவுல ஜாயின்ட் அக்கவுண்ட் தேவையா, தேவையில்லையான்னு பார்ப்போம்.