சதுரங்க ஆய்வுக்குக் கணனி வாங்குமுன்

2024 டிசெம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் சிங்கப்பூரில் உலகச் சம்பியனானதன் பின்னர், எமது குடும்பங்களில் சதுரங்கப் பலகையோடு உட்காரும் பிள்ளைகளைக் கூடுதலாகக் காண முடிகின்றது. மகிழ்ச்சியான விடயம். கூடவே பெற்றோரிடம் ஒரு கோரிக்கையும் வந்து சேர்கின்றது: "ஆட்டங்களை ஆராய நல்ல கணனி வேண்டும்." பிள்ளை காட்டும் கணனியைப் பார்த்தால் கண்ணாடிப் பெட்டி, உள்ளே வண்ண விளக்குகள், பெரிய கிராபிக்ஸ் கார்ட், ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் விலை! இரவு வேலைக்கும் போய்ச் சேர்த்த பணத்தை அதில் போடுமுன், கணனியின் எந்தப் பகுதி சதுரங்கத்துக்காக உழைக்கின்றது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நல்லது.

ஆட்டங்களை ஆராயும் நிரலை எஞ்சின் என்பார்கள். இன்றுள்ளவற்றுள் முன்னணியில் நிற்கும் ஸ்டொக்பிஷ் முற்றிலும் இலவசமானது. அதை இயக்க எவ்வளவு பலமான கணனி தேவை என்பதற்கு வரலாறே பதில் சொல்கின்றது. 1997 மே மாதம் நியூயோர்க்கில் கஸ்பரோவை 3½–2½ என வென்ற ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ, பெரிய அலுமாரி போன்றதொரு இயந்திரம். சதுரங்கத்துக்கென்றே செய்யப்பட்ட 480 சில்லுகள் அதற்குள் இருந்தன. வினாடிக்கு ஏறக்குறைய 20 கோடி நிலைகளை அது கணித்தது. பன்னிரண்டு வருடங்களின் பின், 2009இல், புவனஸ் அயர்சில் நடந்த போட்டியொன்றில் பொக்கற் ஃபிரிட்ஸ் என்ற நிரல் ஒரு கைத்தொலைபேசியிலிருந்தே ஆடி, 10 ஆட்டங்களில் 9½ புள்ளிகள் பெற்றது. அது வினாடிக்கு 20,000 நிலைகளைக்கூடப் பார்க்கவில்லை. டீப் புளூவின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கும் இல்லாமலே இந்த வெற்றி! எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்ற தெரிவு நிரலில் இருக்கின்றது. இன்று உங்கள் வீட்டில் உள்ள சாதாரண மடிக்கணனியில் ஓடும் ஸ்டொக்பிஷ்கூட உலகச் சம்பியனை வெல்லும்.

இனி அந்தக் கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். ஸ்டொக்பிஷ் அதைத் தொடுவதே இல்லை. 2020இல் இந்த எஞ்சினுக்குள்ளும் நரம்பு வலைப்பின்னல் முறை சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆயினும் அது புரொசஸரிலேயே ஓடும்படி அமைக்கப்பட்டது. 2018இல் தொடங்கிய லீலா என்ற வேறோர் எஞ்சினுக்கே நல்ல கிராபிக்ஸ் கார்ட் அவசியம். கிராண்ட்மாஸ்டர்கள் இரண்டையும் வைத்து ஒப்பிடுவார்கள். பாடசாலைப் பிள்ளைக்கு ஸ்டொக்பிஷ் போதும். கார்ட் கட்டாயம் வேண்டும் என்று உங்கள் மகன் வாதாடுவாராயின், சதுரங்கத்தைவிட வேறு விளையாட்டுகளும் அவர் மனதில் இருக்கின்றன என்று ஊகிக்கலாம்!

ஆக, முக்கியமானது புரொசஸர். அதற்குள் கோர் எனப்படும் பல கணிப்புப் பகுதிகள் உண்டு. ஸ்டொக்பிஷ் எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கும். ஆனால் எட்டுக் கோர் என்றால் எட்டு மடங்கு பலம் என்று எண்ணிவிடக் கூடாது. எட்டுப் பேர் ஒரே கறியைக் கிளறினால் அது எட்டு மடங்கு விரைவாக வேகாது அல்லவா? ஒருவர் பார்த்த நிலைகளையே மற்றவரும் பார்ப்பது உண்டு. இன்னுமொன்றையும் கவனியுங்கள். இருமடங்கு வேகமான கணனி 30 வினாடியில் காண்பதை உங்கள் பழைய கணனி ஒரு நிமிடத்தில் காணும். போட்டி முடிந்தபின் வீட்டில் ஆறுதலாக ஆராயும் பிள்ளைக்கு அந்த அரை நிமிடத்தின் பெறுமதி என்ன? அதற்காகவா இவ்வளவு பணம்?

நினைவகத்தைப் பொறுத்தவரை 8 ஜிகாபைட் போதும், 16 இருந்தால் வசதி. ஒரே நிலை வெவ்வேறு நகர்த்தல் வரிசைகளில் மீண்டும் மீண்டும் வருவதால், முன்பு கண்ட விடையை எஞ்சின் ஓர் அட்டவணையில் குறித்து வைக்கின்றது. அதற்கு ஹாஷ் என்று பெயர். ஒரு ஜிகாபைட் ஒதுக்கினால் வீட்டுத் தேவைக்குத் தாராளம். சில காய்களே எஞ்சியுள்ள இறுதியாட்டங்களுக்குச் சரியான விடை தரும் சிசிஜி அட்டவணைகளும் உள்ளன. ஐந்து காய்கள் வரைக்குமானவை ஏறக்குறைய 1 ஜிகாபைட். ஆறு காய்களுக்குப் போனால் 150 ஜிகாபைட் அளவாகிவிடும். முதலாவது போதும்.

கடையில் யாரும் சொல்லாத விடயம் வெப்பம். ஆய்வு என்பது எல்லாக் கோர்களும் இடைவிடாது முழுப்பலத்தோடு உழைக்கும் வேலை. மெல்லிய மடிக்கணனிகள் சில நிமிடங்களில் சூடேறித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் முதல் நிமிடத்துக்கு மட்டுமே உரியது. அதே விலைக்கு, நல்ல விசிறியுள்ள மேசைக் கணனி கூடுதலாக உழைக்கும். பாவித்த அலுவலகக் கணனியென்றாலும் குறையில்லை. ஆனால் அதன் புரொசஸர் ஏ.வி.எக்ஸ்.2 வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். இன்டெல் நிறுவனம் 2013இல் இதனைக் கொண்டுவந்தது. புதிய ஸ்டொக்பிஷின் வேகம் பெரிதும் இதில் தங்கியுள்ளது. ஆறு அல்லது எட்டுக் கோர், 16 ஜிகாபைட் நினைவகம், ஒரு எஸ்.எஸ்.டி. வட்டு, இவ்வளவே கேட்க வேண்டியது.

வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். ஸ்டொக்பிஷ் வந்தபடியே இருந்தால் த்ரெட்ஸ் 1, ஹாஷ் 16 மெகாபைட் என்றே அமைந்திருக்கும். அதாவது எட்டுக் கோர் கணனியிலும் ஒன்று மட்டுமே உழைக்கும்! எஞ்சினின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, த்ரெட்ஸ் எண்ணைக் கோர்களின் எண்ணிக்கையிலும் ஒன்று குறைவாகவும், ஹாஷை 1024 ஆகவும் மாற்றுங்கள். "கணனி மெதுவாக இருக்கின்றது" என்ற முறைப்பாடு பல வீடுகளில் இதோடு தீர்ந்துவிடும்.

குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஏறக்குறைய கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும்வரை அவரை எஞ்சின் பாவிக்க விடவில்லை. எல்லோரும் அவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் பிள்ளை முதலில் கொப்பியில் எழுதட்டும்: எந்த இடத்தில் தடுமாறினேன், அங்கே எதை எண்ணினேன், எதைக் கண்டு பயந்தேன். அதன் பின்னர் எஞ்சினைத் திறந்து, ஒரு நகர்த்தலுக்குப் பதிலாக மூன்று நகர்த்தல்களைக் காட்டும்படி அமைத்து, கொப்பியில் உள்ள இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். ஓரிடத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும், ஓர் ஆட்டம் இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும்.